தாய்ப்படத்தில் ஒரு வட்டம்

தென்கரைப் படகுத்துறை மேம்பாட்டுக் கழகம் தன் வரைவு மென்பொருளைப் புதுப்பித்த நாளில் தேவபிரசாதம் தேங்காய் உடைத்தார். அவர் கணினிப் பிரிவின் தலைவர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் காணிக்கைப் பை ஏந்துகிறவர். தேங்காய் கழகத்தின் செலவு, ஆகவே ஆண்டவர் அதைத் தன் பாவக் கணக்கில் எழுத மாட்டார் என்று நம்பினார்.

எல்லாக் கணினிகளுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். காற்றுப் போகும் துளைகளுக்கும் வைத்தார்கள். இரண்டு கணினிகள் அன்றே நின்றுபோயின. அவை பழைய பதிப்பின் மேல் பற்று வைத்திருந்தவை என்று சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு தேவபிரசாதம் பேசினார்.

"இனிமேல் இந்தக் கழகத்தில் தாமதம் என்ற சொல்லுக்கே இடமில்லை."

கைதட்டினார்கள். ஆளுக்கு இரண்டு மக்ரூன் கிடைத்தது. திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. தாமதம் என்ற சொல்லைப் பேச்சிலோ எழுத்திலோ யாரும் பயன்படுத்தக் கூடாது. 'மெதுவாக', 'சுணக்கம்', 'இன்னும் வரவில்லை' ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தவிர்க்க முடியாத இடத்தில் 'ஆழ்செயல்பாடு' என்று எழுதலாம்.

கைதட்டியவர்களில் லிங்கராஜும் ஒருவன். வரைவாளர் வேலை. துறைமுகச் சாலையில் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அவனைப் பற்றி யாரும் நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொன்னதில்லை. ஆவணியில் அவனுக்கு ஏரலில் கல்யாணம். பெண் இசக்கிசெல்வி, பாத்திரக்கடை காசிலிங்கம் அண்ணாச்சியின் மகள். பத்திரிகை அடித்தாயிற்று. மண்டபம் பிடித்தாயிற்று. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. பல இடங்களில் தட்டிப்போய், முப்பத்து நாலு வயதில் அமைந்த சம்பந்தம். இதுவும் போனால் அவன் ஜாதகத்தைத் தாமிரபரணியில் விட்டுவிடப் போவதாக அக்கா செண்பகம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது தலைமைப் பொறியாளர் தளவாய் அவனைக் கூப்பிட்டார்.

"லிங்கராஜ், படகுத்துறை வளைவுல ஒரு லைட் கம்பம் நட்டணும். கம்பம் வந்து இறங்கிட்டு. படத்துல ஒரு வட்டம் போட்டா நட்டிரலாம். எப்ப முடியும்?"

"டீக்கு முன்னாடி முடிஞ்சிரும் சார்."

இந்தப் பதிலை அவன் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தான்.

கழகத்தில் படங்கள் பல இல்லை. ஒன்றுதான். அதற்குத் தாய்ப்படம் என்று பெயர். முன்பு ஒரு காலத்தில் ஒரு வரைவாளர் அதிலிருந்து ஒரு சுற்றுச்சுவரை அழித்துவிட்டார். அந்தச் சுவரைக் கட்டவே இல்லை, அதனால் அழித்தார். தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். சுவர் எங்கே என்று கேட்டார்கள். கட்டவில்லை என்று கழகத்தில் சொன்னார்கள். கட்டாத சுவர் முன்பு ஏன் இருந்தது, இருந்த சுவர் இப்போது ஏன் இல்லை என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியே மூன்று அதிகாரிகள் ஓய்வு பெற்றார்கள். நாலாவது அதிகாரி ஆணை போட்டார். தாய்ப்படத்தில் எந்தக் கோட்டையும் யாரும் அழிக்கக் கூடாது. வேண்டாத கோடுகளைக் கிழக்கே கடல் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். கடல் பெரியது என்றும் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து தள்ளினார்கள். கட்டாத உணவகம், கட்டாத முத்துக் காட்சியகம், வராத அமைச்சருக்கான ஹெலிகாப்டர் தளம், எல்லாம் கிழக்கே போயின. மன்னார் வளைகுடா நிறைந்தது. அதற்கு மேலும் தள்ள வேண்டியிருந்தது. கைவிடப்பட்ட கழிப்பறை ஒன்று, அளவுப்படி பார்த்தால், கண்டிக்குப் பக்கத்தில் நின்றது. வெளியுறவு விவகாரம் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இது போதாதென்று, அலைத்தடுப்புச் சுவரின் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக வரைய வைத்தார் ஒருவர். கணக்கில் வந்த கல் கண்ணிலும் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

பழைய பதிப்பு இதையெல்லாம் கண்டும் காணாமல் குடும்பம் நடத்தியது. புதிய பதிப்புக்கு அந்தப் பக்குவம் இல்லை. எதையும் விடாமல் பார்த்தது. ஒரு கோடு போட்டால் மற்ற எல்லாக் கோடுகளிடமும் போய் ஆட்சேபனை உண்டா என்று கேட்டுவிட்டு வந்தது. கழகத்தின் இயல்புக்கு அது பொருந்தித்தான் இருந்தது.

லிங்கராஜ் படத்தை எடுத்தான். வளைவில் இடம் பார்த்து அழுத்தினான். அவன் போட வேண்டிய வட்டம் வரவில்லை. அதற்குப் பதில் மென்பொருள் தன்னுடைய வட்டம் ஒன்றைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தது. சின்ன வட்டம். நீல நிறம். டீ வந்தது. டம்ளரை எடுத்துப் போனார்கள். மாலை ஆறு மணிக்குக் கட்டடத்தில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அது தீத்தடுப்பு விதி. மறுநாள் காலையில் வட்டம் முதலிலிருந்து சுற்றியது.

இன்னொன்றும் தெரியவந்தது. மவுஸைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் விட்டால் திரை தூங்கிவிடும். தூங்கி எழுந்தாலும் முதலிலிருந்துதான். ஆகவே லிங்கராஜ் வலது கையை மவுஸ் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைவிடவா என்று கேட்கும் பொத்தான் ஒன்று திரையின் ஓரத்தில் இருந்தது. அதை அழுத்தலாமா என்று கணினிப் பிரிவில் கேட்டான். பாதி போட்ட வட்டத்தைக் கைவிடுவது அழிப்பதாகும் என்றார்கள்.

தேவபிரசாதத்தைப் பார்க்கப் போனான்.

"சார், புது சாஃப்ட்வேர் ரொம்ப..." என்று தொடங்கி நிறுத்தினான்.

"ரொம்ப?"

"ஆழமா இருக்கு சார்."

"நல்ல விஷயம்தானே."

"நேத்து போட்ட வட்டம் இன்னைக்கும் விழல சார்."

"லிங்கராஜ், பழைய பதிப்புல வட்டம் உடனே விழுந்துச்சு. ஏன்? அது யோசிக்கல. இது யோசிக்குது. நான் இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். எந்த ஃபைல்லயும் உடனே கையெழுத்துப் போட்டதில்ல. அதனாலதான் இன்னும் இருக்கேன்."

இருந்தாலும் அவர் நல்ல மனிதர். மென்பொருள் கம்பெனிக்கு போன் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். படத்தில் கோடுகள் அதிகம், வேண்டாததை அழித்துவிடுங்கள், அல்லது புதுப் படம் ஒன்று தொடங்குங்கள், பறக்கும் என்றாள். தேவபிரசாதம் சூடு பட்டவர்போல் போனை வைத்தார்.

"சின்னப் பொண்ணு. தணிக்கையைப் பார்த்ததில்ல" என்றார்.

வேக மேம்பாட்டுக் குழு ஒன்று அமைத்தார்கள். தளவாய் தலைவர், தேவபிரசாதம் செயலாளர். வேகத்தை உயர்த்த வேண்டுமானால் முதலில் அதை அளக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லாக் கணினிகளிலும் வேகமானி என்ற ஒன்றை நிறுவினார்கள். அது நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, தலைமையகத்துக்கு அனுப்பி, ரசீது வரும்வரை காத்திருந்தது. அதன்பின் லிங்கராஜின் கணினிக்கு வட்டத்தைக் கவனிக்க நேரமில்லாமல் போனது. வேகமானி பிரமாதமாக வேலை செய்கிறது, வேகம் குறைந்ததை உடனே கண்டுபிடித்துவிட்டது என்று குழு பாராட்டுத் தெரிவித்தது.

அடுத்து, கணினிக்குச் சூடு ஆகாது என்றார்கள். கட்டடத்திலேயே பெரிய குளிர்சாதனம் கூட்ட அரங்கில் இருந்தது. கணினியை அங்கே கொண்டுபோய் மேடை நடுவில் வைத்தார்கள். லிங்கராஜும் கூடப் போனான். துண்டைப் போர்த்திக்கொண்டு, எதிரே நூறு காலி நாற்காலிகளைப் பார்த்தபடி மவுஸை அசைத்தான்.

அடுத்து, ஒரே வலைப்பின்னலில் நாற்பது பேர் வேலை செய்வதால்தான் இந்த நிலை என்றார்கள். மற்றவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்தும்படி ஆணை வந்தது. நிறுத்தினார்கள். வெளியே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மின்சாரச் சிக்கனத்துக்காகக் கழகத்துக்குக் கேடயம் கிடைத்தது. அதை வாங்கத் தளவாய் சென்னை போய் வந்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம். லிங்கராஜ் விடுப்புக்கு எழுதினான். திரும்பி வந்தது.

காகிதப் படங்கள் இருந்த காலத்தில் ஒருவர் துறைமுகப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அவர் மனைவி அதைச் சமையலறைத் தட்டில் விரித்து மேலே புளிப் பானை வைத்துவிட்டார். அப்போது போட்ட விதி இது. படம் யார் கையில் இருக்கிறதோ அவர் அதைத் திரும்ப வைக்கும்வரை தலைமையிடத்தை விட்டு நீங்கலாகாது. தாய்ப்படம் லிங்கராஜ் பெயரில் வெளியே இருந்தது. திரும்ப வைக்க வேண்டுமானால் வட்டம் விழ வேண்டும். விழாமல் அப்படியே இன்னொருவரிடம் ஒப்படைக்க வழி உண்டு. ஆனால் படத்தில் எத்தனை கோடு இருக்கிறது என்று எண்ணி இருவரும் கையெழுத்திட வேண்டும். எண்ணும் பொத்தானை அழுத்தினார்கள். இன்னொரு நீல வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

இசக்கிசெல்வி போன் பண்ணினாள். அவள் அப்பாவின் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறவள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"என்ன, உங்க வட்டம் சுத்தி முடிச்சிட்டா?"

"சுத்திக்கிட்டு இருக்கு."

"எங்கப்பா என்ன சொல்லுதாவ தெரியுமா? மாப்பிள்ளைக்கு அங்கன வேற எவளோ இருக்கான்னு சொல்லுதாவ."

"அய்யோ, இங்கன யாருமே இல்ல. நூறு சேர்தான் இருக்கு."

"நானும் அதைத்தான் சொன்னேன். உங்க மூஞ்சிக்கு நான் ஒருத்தி ஒத்துக்கிட்டதே பெருசுன்னு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நெசமாவே முகூர்த்தத்துக்கு விட மாட்டாவளா?"

"படம் எம்பேர்ல இருக்கு."

"அந்த மவுஸை வேற ஆரும் பிடிச்சா?"

"கோடு எண்ணணும். எண்ணி முடியாது."

"பெரிய சார் பிடிச்சா?"

"அவங்க ஏன் பிடிக்கப் போறாங்க?"

"சும்மா கேட்டேன். சாப்பிட்டியளா?"

"இடது கையால டீ குடிச்சேன்."

மறுநாள் காசிலிங்கம் அண்ணாச்சி செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு நேரே கூட்ட அரங்குக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அக்குளில் மஞ்சப்பை. மாப்பிள்ளை மேடையில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உடம்புக்குச் சரியில்லையா மாப்ள?"

"இல்ல மாமா. ஏசி."

"ஏலே, நடுங்குதியேலே" என்றாள் செண்பகம். "எந்திரி. வீட்டுக்கு வா. சவத்த மூதி, ஒரு பொட்டிக்காவ உசுரை விடப் போறியா?"

"கையை எடுக்கக் கூடாதுக்கா."

"எடுத்தா என்ன, வெடிச்சிருமா?"

தளவாயும் தேவபிரசாதமும் வந்தார்கள். நாற்காலிகள் ஏராளமாக இருந்ததால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். காசிலிங்கம் மட்டும் நின்றார்.

"சார், ஒரு வட்டம் போட இத்தனை நாளாவுமா?"

"வட்டம் போட நேரமாகாது அண்ணாச்சி" என்றார் தளவாய். "போட்டதுக்குப் பொறுப்பு ஏற்கத்தான் நேரமாகும்."

"போடுங்க, பொறுப்பை நான் ஏத்துக்கிடுதேன்."

"நீங்க வெளியாளு."

"எங்கடையில ஒரு பய அண்டாவைத் தூக்கிக்கிட்டு நிக்கான். அவனுக்குக் கல்யாணம். அண்டாவை வாங்கி இறக்கி வெச்சிட்டு, போய்ட்டு வாலேன்னு அனுப்புவேன். இது என்ன சார் அண்டாவை விடக் கனமா?"

தளவாய் எழுந்தார். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க பாத்திரம் விக்கிறீங்க. ஒண்ணு நசுங்கினா வேற எடுத்துக்கலாம். இது அரசாங்கப் படம். இதுல இந்தக் கழகம் கட்டின எல்லாம் இருக்கு. கட்டாத எல்லாமும் இருக்கு. கட்டாததுதான் அதிகம். ஏன்னா கட்டினது இடிஞ்சிருது, கட்டாதது அப்படியே இருக்கு. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு கோட்டைக்கூட அழிச்சதில்ல. போட்டதும் இல்ல. என் மேல ஒரு புகார் உண்டா, தேவபிரசாதம்?"

"கிடையாது சார்."

"ஏன்?"

"சார் எதையும் தொட்டதில்ல சார்."

"அதுதான் நிர்வாகம்."

காசிலிங்கம் தேவபிரசாதத்தைப் பார்த்தார். பிறகு செண்பகத்தைப் பார்த்தார்.

"புதன்கிழமை பத்தரை முகூர்த்தம். மாப்ள வந்தா கல்யாணம். வரலைன்னா எம்மவளுக்கு ஆறுமுகநேரியில இன்னொரு இடம் கேட்டுக்கிட்டு இருக்காவ. தாலி கட்டுத நேரத்துக்கு ஆளு வரலைன்னு என் ஏரல் பஜார்ல நான் தலைகுனிஞ்சி நிக்க முடியாது. இம்புட்டுதான்."

செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லிங்கராஜ் எழப் பார்த்தான். கை மட்டும் எழவில்லை. பழகிவிட்டது.

அன்று மாலை வேக மேம்பாட்டுக் குழு அவசரமாகக் கூடியது. தளவாய்க்கு இரக்க சுபாவம் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அது விதிகளைத் தாண்டிப் போனதில்லை, அவ்வளவுதான். விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மணமகன் தலைமையிடத்தை விட்டு நீங்கக் கூடாது என்றுதான் இருந்தது. மணமகள் தலைமையிடத்துக்கு வரக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

ஆணை வந்தது. திருமணத்தைக் கழகத்தின் கூட்ட அரங்கில் நடத்திக்கொள்ளலாம். முகூர்த்த நேரத்தில் மணமகன் கணினியைத் தொடர்ந்து இயக்க வேண்டும். பந்தியை ஏரலிலேயே நடத்திக்கொள்ளலாம். மணமகனின் இலைச் சாப்பாடு அரங்குக்கு வரலாம். மற்றவை குறித்துப் பின்னர் தனியே ஆணை வரும்.

காசிலிங்கம் இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்று ஏரலில் பலருக்கு ஆச்சரியம். மகள்தான் சம்மதிக்க வைத்தாளாம். மண்டபத்தில் எல்லாரும்தான் கட்டிக்கிடுதாவ, நாம கவர்மெண்ட் ஏசியில கட்டுவோம்ப்பா என்றாளாம்.

புதன்கிழமை காலையில் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். வாசலில் காவலாளி எல்லோரையும் வருகையாளர் பதிவேட்டில் எழுதச் சொன்னார். வந்த நோக்கம் என்ற இடத்தில் இசக்கிசெல்வி 'திருமணம்' என்று எழுதினாள். சந்திக்க வேண்டிய அலுவலர் என்ற இடத்தில் காசிலிங்கம் 'மாப்பிள்ளை' என்று எழுதினார்.

மேடையில் கணினியைச் சுற்றி மணவறை கட்டியிருந்தார்கள். அக்னி கூடாது என்று தீத்தடுப்புப் பிரிவு சொல்லிவிட்டது. ஒரு குத்துவிளக்கும், அதன் பக்கத்தில் தீயணைக்கும் சிவப்புக் குடுவையும் இருந்தன. ஐயர் இரண்டுக்கும் பூப் போட்டார். நாதஸ்வரக்காரரிடம் தேவபிரசாதம், கணினிக்கு அதிர்வு ஆகாது, மேளத்தை மெது... என்று தொடங்கி, ஆழமாக வாசிக்கும்படி கேட்டுக்கொண்டார். கழக ஊழியர் நாற்பது பேரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

லிங்கராஜ் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தான். வலது கை மவுஸில். நீல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இசக்கிசெல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தாமல் திரையைப் பார்த்தாள்.

"இதுதானா அவ?" என்றாள்.

"இதுதான்."

"அழகாத்தான் இருக்கா."

அவனுக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

ஐயர் தாலியைத் தட்டோடு நீட்டினார். லிங்கராஜ் இடது கையை நீட்டினான். அரங்கம் முழுவதும் ஒரு சத்தம் எழுந்தது.

"இடது கையாலயா?" என்றார் காசிலிங்கம்.

"ரெண்டு கையும் வேணும் தம்பி" என்றார் ஐயர். "ஒத்தக் கையில முடிச்சு விழாது."

லிங்கராஜ் தேவபிரசாதத்தைப் பார்த்தான். தேவபிரசாதம் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். அதை அவர் மடியிலேயே வைத்திருந்தார். அக்கா செண்பகம் மூன்றில் இரண்டு முடிச்சு தான் போடுவதாகவும் முதல் முடிச்சை மட்டும் தம்பி போட்டால் போதும் என்றும் சொன்னாள். அந்த ஒன்றுக்கும் இரண்டு கை வேண்டும் என்றார் ஐயர். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. ஏரல்காரர் ஒருவர், ஆறுமுகநேரிக்கு இங்கயிருந்து எம்புட்டுத் தூரம் என்று யாரிடமோ கேட்டார்.

"ஒரு வழி இருக்கு" என்றார் தேவபிரசாதம். புத்தகத்தில் விரலை வைத்துப் படித்தார். "மேலதிகாரி தம் பொறுப்பில் எந்நேரமும், கோடுகளை எண்ணாமலே, படத்தைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ளலாம்."

எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். தளவாய் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"நான் எதையும் தொடறதில்லையே" என்றார்.

அப்போது இசக்கிசெல்வி பேசினாள். சத்தமாக இல்லை. ஆனால் குளிர்சாதனத்தின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

"சார், நீங்க பெரியவங்க. நாங்க தாலி கட்டுத நேரத்துல நீங்க மவுஸைப் பிடிச்சியள்னா எங்களுக்கு ஆசீர்வாதம் மாதிரி."

தளவாயின் கண்கள் கலங்கின. முப்பத்தொரு வருஷத்தில் அவரை யாரும் ஒரு காரியத்துக்கு வேண்டும் என்று கேட்டதில்லை. மேடையேறினார். நாற்காலி ஒன்று போட்டார்கள். மைக்கை வாங்கினார்.

"நிர்வாகம் என்பது இரும்பு என்று சொல்வார்கள். இல்லை. நிர்வாகத்துக்கும் கை உண்டு. அந்தக் கையை இன்று முதல் முறையாக வைக்கிறேன்."

வைத்தார். லிங்கராஜ் கையை எடுத்தான். எடுத்த கை கொஞ்ச நேரம் மவுஸ் வடிவத்திலேயே இருந்தது. இசக்கிசெல்வி அதைப் பார்த்துவிட்டு, விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். கெட்டிமேளம் ஆழமாக முழங்கியது. அவன் முதல் முடிச்சைப் போட்டான். செண்பகம் மற்ற இரண்டையும் போட்டு, மேலே நாலாவதாகவும் ஒன்று போட்டாள். யாரையும் நம்ப முடியாத இடம்.

காசிலிங்கம் மகள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். சுண்டுவிரல் கோத்து மணவறையை மூன்று முறை சுற்றினார்கள். நடுவில் தளவாய் இருந்தார். மவுஸை அசைத்துக்கொண்டு, சுற்றி வருகிறவர்களை இடது கையால் ஆசீர்வதித்தார். பிறகு இடது கை ஆகாது என்று யாரோ சொல்ல, அதை இறக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

வேன் கிளம்ப வேண்டும், பந்தி காத்திருக்கிறது என்று ஏரல்காரர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"லிங்கராஜ், இந்தாங்க" என்றார் தளவாய்.

லிங்கராஜின் வலது கை பழக்கத்தில் நீண்டது. பாதி வழியில் நின்றது. சுண்டுவிரலை இசக்கிசெல்வி விடவில்லை.

"கோடு எண்ணாமயா வாங்குவிய?" என்றாள்.

லிங்கராஜ் யோசித்தான். அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. எட்டு வருஷத்தில் அவன் ஒரு விதியையும் மீறியதில்லை. கல்யாணத்தன்றா மீறுவது?

"சார், எண்ணாம வாங்கினா தப்பாயிருமே" என்றான்.

"என்னய்யா தப்பு? இப்ப நான் எண்ணாம வாங்கலையா?"

"அது மேலதிகாரிக்கு சார்" என்றார் தேவபிரசாதம். தன் புத்தகத்தை இன்னொருவர் சரியாகப் புரிந்துகொண்டதில் அவருக்குப் பெருமை. "மேலே எடுக்க எண்ண வேண்டாம். கீழே கொடுக்க எண்ணணும். விதி அப்படித்தான்."

"எண்ணுங்க."

"எண்ணுது சார். போன வாரம் போட்டது இன்னும் சுத்துது."

தளவாய் திரையைப் பார்த்தார். இரண்டு நீல வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

"தேவபிரசாதம், நான் சாயங்காலம் பாஞ்சாலங்குறிச்சியில என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்."

"தலைமையிடத்துக்கு வெளியே சார்."

லிங்கராஜின் விடுப்பு மனுவைத் தேவபிரசாதம் அங்கேயே போனில் திறந்து பார்த்தார். அவன் பெயரில் இப்போது எந்தப் படமும் இல்லை. அனுமதி உடனே வந்தது. புதிய பதிப்பு வந்தபிறகு கழகத்தில் அத்தனை சீக்கிரம் நடந்த காரியம் வேறு கிடையாது.

வேனில் ஏறப்போன காசிலிங்கம் அண்ணாச்சி எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மாப்பிள்ளைக்கென்று கட்டிக் கொண்டுவந்த இலைச் சாப்பாடு அவர் கையில் இருந்தது. அதை மேடையில் தளவாய் முன்னால் விரித்தார். சோறு, பருப்பு, நெய், அவியல், இஞ்சிப் பச்சடி, இரண்டு வகைப் பாயசம்.

"சாரு வராம பந்தி எப்படி?" என்றார். "ஆறிருமுன்ன சாப்பிடுங்க."

தளவாய் இலையைப் பார்த்தார். மவுஸின் மேலிருந்த தன் வலது கையைப் பார்த்தார். இடது கையை இலைப் பக்கம் நீட்டப் போனார். நாற்பது ஊழியர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிங்கராஜ் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தேவபிரசாதம் மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம்வரை போனார். இதற்கு விதி எதுவும் இல்லை போலும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நெய்யை விட்டுப் பருப்புச் சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டினார்.

தளவாய் வாயைத் திறந்தார்.